எதிர்காற்றில் பெண்கள்: வீதிச் சைக்கிளோட்டம் கடந்து வந்த பாதை

கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பக்கம் காலை ஏழு மணிக்குப் போனவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியிலும், அதிலிருந்து வயல்களுக்குள் பிரியும் கிரவல் பாதைகளிலும் வெள்ளைச் சீருடை அணிந்த மாணவியர் சைக்கிளில் வரிசையாகப் போய்க்கொண்டிருப்பார்கள். முன்கூடையில் புத்தகப் பை, பின்கரியரில் தங்கை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் பாடசாலை விட்டு வரும்போதுதான் சிரமம். மறைப்பதற்கு ஒரு மரமும் இல்லாத வயல்வெளியில் எதிர்காற்று சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளும். அப்போது உயரமான அக்கா ஒருத்தி முன்னே போவாள். சின்னவர்கள் அவளுடைய பின்சக்கரத்தை ஒட்டியபடி வருவார்கள். முன்னால் போகிறவளுக்குத்தான் காற்று. பின்னால் வருகிறவர்களுக்கு உழக்குவது லேசு. இதை அவர்களுக்கு எவரும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

உலகின் பெரிய வீதிச் சைக்கிளோட்டப் போட்டிகள் அனைத்தும் இந்தச் சின்ன அறிவின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் நம்மூர்ப் பிள்ளையின் சைக்கிள் அவ்வளவு தூரம் போவதில்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு பல வீடுகளில் அது தம்பியின் கைக்கு மாறிவிடுகிறது. “பெரிய பிள்ளையாகிவிட்டாய், இனிச் சைக்கிளில் திரிவது அழகில்லை” என்ற ஒரு வசனத்தோடு விடயம் முடிந்துவிடுகிறது. இந்த வசனம் நமது ஊரில் பிறந்ததல்ல. நூற்றைம்பது வருடங்களாகப் பல நாடுகளில், பல மொழிகளில் இது சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அதற்குப் பெண்கள் என்ன பதில் கொடுத்தார்கள் என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றும் குழுவும்

முதலில் வீதிச் சைக்கிளோட்டம் என்றால் என்ன என்று விளங்கிக்கொள்வோம். மைதானத்துக்குள் சுற்றிவருவது வேறு. ஊரிலிருந்து ஊருக்கு, மலையேறி இறங்கி, பொதுவீதியில் நூறு கிலோமீற்றருக்கும் மேல் ஓடுவதே வீதிச் சைக்கிளோட்டம். மணிக்கு நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஒருவரின் பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதிலேயே செலவாகிறது. அவருக்குப் பின்னால் நெருங்கி வருபவருக்கு அந்தச் சிரமத்தில் மூன்றிலொரு பங்கு வரை மிச்சமாகும்.

ஆகவே ஒவ்வொரு குழுவிலும் தலைவி ஒருத்தி இருப்பாள். மற்றவர்கள் அவளுக்கு முன்னால் போய்க் காற்றை மறைப்பார்கள். தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து கொடுப்பார்கள். எதிரணியினர் பிரிந்து ஓடினால் துரத்திப் பிடிப்பார்கள். கடைசியில் மேடையில் ஏறுவது தலைவி மட்டுமே. வெற்றி பெறுவது ஒருத்தியானாலும் உழைப்பது ஒரு குழு.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. பரிசுப் பணம் வெற்றி பெற்றவளுக்கு மட்டுமே போதும். காற்றைத் தாங்கியவர்களும் சாப்பிட வேண்டும் அல்லவா? அவர்களுக்கு மாதச் சம்பளம் வேண்டும். சம்பளம் இல்லாவிட்டால் குழு இல்லை. குழு இல்லாவிட்டால் இந்த விளையாட்டு ஒரு தொழிலாகாது. பெண்களுக்குப் பரிசு கிடைத்தது நெடுங்காலத்துக்கு முன். சம்பளம் உறுதியானது நேற்று முந்தாநாள் என்று சொல்லத்தக்க காலத்தில்தான்.

முதல் துணிச்சல்கள்

1869ஆம் ஆண்டு பிரான்சில் பாரிஸ் நகரிலிருந்து ரூவான் நகருக்கு 123 கிலோமீற்றர் போட்டி ஒன்று நடந்தது. அக்காலச் சைக்கிளுக்குக் காற்று ரயர் கிடையாது. பாரமான அந்த வண்டியில் ‘மிஸ் அமெரிக்கா’ என்ற புனைபெயரில் ஒரு பெண்ணும் ஓடி, 29ஆவது இடத்தைப் பெற்றார். சொந்தப் பெயரைச் சொல்லிப் போட்டியிட அன்று இடமிருக்கவில்லை.

1885இல் இரண்டு சக்கரமும் ஒரே அளவான, சங்கிலியால் இயங்கும் சைக்கிள் இங்கிலாந்தில் வந்தது. 1888இல் டன்லொப் காற்று ரயரைக் கொண்டுவந்தார். நாம் இன்று ஓட்டும் சைக்கிளின் உருவம் அப்போதே அமைந்துவிட்டது. பெண்கள் பெருந்தொகையாக ஓட்டத் தொடங்கியதும் எதிர்ப்பும் கூடியது. சைக்கிள் ஓட்டும் பெண்ணின் முகம் இறுகிக் கெட்டுவிடும் என்று சொல்லி, அதற்குச் ‘சைக்கிள் முகம்’ என்று ஒரு நோயின் பெயரைப்போலப் பெயரும் வைத்தார்கள். பிள்ளைப்பேற்றுக்குக் கூடாது என்றும் சிலர் எழுதினார்கள். அந்த முகத்தைக் கண்டவர்கள் ஒருவரும் இல்லை.

1894இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மூன்று பிள்ளைகளின் தாயான அனி கொப்சோவ்ஸ்கி சைக்கிளோடு உலகைச் சுற்றப் புறப்பட்டார். லண்டன்டெரி என்ற தண்ணீர் நிறுவனம் தன் விளம்பரப் பலகையை அவரது சைக்கிளில் மாட்டுவதற்கு 100 டொலர் கொடுத்தது. அவரும் தம்மை அனி லண்டன்டெரி என்றே அழைத்துக்கொண்டார். பல இடங்களைக் கப்பலில்தான் கடந்தார். அப்படி வரும் வழியில் நமது கொழும்புத் துறைமுகத்தையும் தொட்டுச் சென்றார். ஒரு நிறுவனத்தின் பெயரைத் தாங்கி, அதற்குப் பணம் பெற்றுச் சைக்கிள் ஓட்டிய அவரைத் தொழில்முறைப் பெண் ஓட்டுநர்களின் முன்னோடிகளில் ஒருவராகக் கொள்ளலாம்.

விளக்குமாற்றுத் தடியும் இத்தாலியின் வீதியும்

இத்தாலியில் ஏழை விவசாயக் குடும்பத்தில் 1891இல் பிறந்தவர் அல்போன்சினா ஸ்திராடா. 1924இல் அந்த நாட்டின் பெரும் போட்டியான ஜீரோ டி இத்தாலியாவில் அவர் சேர்ந்தார். அது ஆண்களின் போட்டி. பெயர்ப் பட்டியலில் கடைசி எழுத்து விடுபட்டு ‘அல்போன்சின்’ என்று இருந்ததால் பலர் ஆண் என்றே நினைத்தனர். பன்னிரண்டு கட்டங்கள், 3,613 கிலோமீற்றர். மழையில் சேறாகிக் கிடந்த மலைவீதியொன்றில் அவரது சைக்கிளின் ஹான்டில் உடைந்தது. விளக்குமாற்றுத் தடியொன்றைக் கட்டிச் சரிசெய்துகொண்டு ஓடினார். அன்று நேரம் கடந்து சேர்ந்ததால் அதிகாரபூர்வ வரிசையிலிருந்து நீக்கப்பட்டார். ஆனாலும் தொடர்ந்து ஓட அனுமதித்தார்கள். புறப்பட்டவர்கள் 90 பேர். வரிசையில் இடம்பெற்று முடித்த ஆண்கள் 30 பேர். அவர்களோடு அல்போன்சினாவும் மிலான் நகரை வந்தடைந்தார். அதன் பிறகு அந்தப் போட்டியில் பெண்ணுக்கு இடம் கொடுக்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, அவரால் முடியவில்லை என்று கதவு அடைக்கப்படவில்லை. முடிந்த பிறகுதான் அடைக்கப்பட்டது.

சட்டப் புத்தகம் போட்ட எல்லை

ஆண் தொழில்முறை வீரர்களுக்கு உலக வீதிச் சைக்கிளோட்டச் சம்பியன் போட்டி 1927இல் தொடங்கியது. பெண்களுக்கு அது 1958இல்தான் வந்தது. பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் நடந்த முதற்போட்டியில் லக்சம்பேர்க் நாட்டின் எல்சி ஜேக்கப்ஸ் வென்றார். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான வீதிப் போட்டி 1896 முதலே உண்டு. பெண்களுக்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லொஸ் ஏஞ்சல்ஸில் நடந்த அந்தப் போட்டியின் தூரம் 79 கிலோமீற்றர். அதற்கு மேல் பெண்ணுடல் தாங்காது என்ற எண்ணமே விதியாக எழுதப்பட்டிருந்தது.

அந்த எண்ணம் பிழை என்று 1967ஆம் ஆண்டே நிரூபணமாகியிருந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த பெரில் பேர்ட்டன் தோட்ட வேலை செய்து பிழைத்தவர். ஒரு பெண் குழந்தையின் தாய். பன்னிரண்டு மணித்தியாலத்தில் யார் கூடிய தூரம் ஓடுவது என்ற போட்டியில் அவர் 277.25 மைல், அதாவது ஏறக்குறைய 446 கிலோமீற்றர் ஓடினார். அதே நாளில் அதே பாதையில் ஓடிய ஆண்களில் முதல்வர் அவரைவிடக் குறைந்த தூரமே ஓடியிருந்தார். ஆண் ஒருவர் பேர்ட்டனின் தூரத்தைத் தாண்ட இரண்டு வருடங்கள் சென்றன. இன்னொரு பெண் தாண்டியது 2017இல். இவ்வளவு திறமை இருந்தும் பேர்ட்டன் தொழில்முறை வீராங்கனையாக ஆகவில்லை. பகலில் தோட்டம், மாலையில் பயிற்சி, வார இறுதியில் போட்டி என்றே அவரது வாழ்க்கை கழிந்தது.

பரிசிலிருந்து சம்பளத்துக்கு

சைக்கிளோட்டத்தில் உலகப் புகழ்பெற்றது 1903இல் தொடங்கிய ரூர் டி பிரான்ஸ். 1984இல் ஆண்கள் ஓடும் அதே நாட்களில், அவர்களுக்குச் சில மணித்தியாலம் முன்னதாக, பெண்களுக்கும் ஒரு போட்டியை நடத்தினார்கள். அமெரிக்காவின் மரியான் மார்ட்டின் வென்றார். அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1,000 டொலர். அவ்வருட ஆண் வெற்றியாளருக்கு ஒரு இலட்சம் டொலருக்கும் மேல். 1989உடன் அந்த ஏற்பாடும் நின்றுபோயிற்று.

2013இல் வீராங்கனைகள் சிலர் ஒரு மனு எழுதினார்கள். ரூர் டி பிரான்ஸில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்ற அந்த மனுவில் ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் கையொப்பமிட்டனர். அடுத்த வருடம் பாரிஸில் ஒரேயொரு நாள் போட்டி கிடைத்தது. எட்டு நாட்கள், ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட முழுமையான போட்டி 2022 ஜூலையில் நடந்தது. நெதர்லாந்தின் அன்னமீக் வான் வ்லூட்டன் வென்று 50,000 யூரோ பெற்றார். ஆண்களில் வென்றவருக்கு அது 500,000 யூரோ.

அதைவிட முக்கியமான மாற்றம் ஆரவாரமில்லாமல் நடந்தது. 2020 முதல் பெண்களின் முதல்தரக் குழுவில் ஒப்பந்தமான ஒவ்வொரு வீராங்கனைக்கும் வருடத்துக்குக் குறைந்தது 15,000 யூரோ சம்பளம் கொடுக்க வேண்டும் என்று உலகச் சைக்கிளோட்டச் சம்மேளனம் விதித்தது. மகப்பேற்று விடுமுறையும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2023இல் அந்தக் குறைந்தபட்சச் சம்பளம் 32,102 யூரோவாகி, ஆண்களின் இரண்டாம்தரக் குழுக்களின் அளவை எட்டியது. மேடை ஏறாமல் காற்றைத் தாங்குகிறவளுக்கும் இப்போது வீட்டு வாடகை கட்ட வழி உண்டு. பெண்களின் வீதிச் சைக்கிளோட்டம் உண்மையில் தொழிலானது அன்றைக்குத்தான் என்பது என் எண்ணம்.

ஆப்கானியச் சகோதரிகள்

“இதெல்லாம் வெள்ளைக்காரருக்குச் சரி, நமது பிள்ளைகளுக்கு ஒத்துவருமா?” என்று உம்மாமார் கேட்பது நியாயமே. ஆப்கானிஸ்தானின் மஸூமா அலி சாதா காபூல் வீதிகளில் ஏச்சும் கல்லும் வாங்கியபடி சைக்கிள் ஓடியவர். பின்னர் குடும்பத்தோடு பிரான்சில் தஞ்சம் பெற்றார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணியின் சார்பில், தலைக்கவசத்தின் கீழ் முக்காடு அணிந்தபடி ஓடினார். முடிவில் அவருக்குக் கடைசி இடம். ஆனால் முக்காடும் தலைக்கவசமும் ஒன்றாக இருக்கலாம் என்பதை உலகம் அன்று கண்டது.

அதே நாட்டின் பர்யாப் மாகாணத்தில் பரீபா ஹாஷிமி, யுல்துஸ் ஹாஷிமி என்ற சகோதரிகள் இரவல் சைக்கிளில் பழகினார்கள். முதற்போட்டியில் வீட்டாருக்குத் தெரியாமல் பெயரை மாற்றி, பெரிய உடையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து ஓடினார்கள். 1869இல் பாரிஸில் ஒரு பெண் செய்ததை அவர்களும் செய்ய வேண்டியிருந்தது! 2021இல் நாடு மாறியபோது, இத்தாலியின் முன்னாள் உலகச் சம்பியன் அலெஸாண்ட்ரா கப்பெல்லோத்தோவின் உதவியோடு இத்தாலிக்குத் தப்பினார்கள். 2022 ஒக்டோபரில் ஆப்கானியப் பெண்களுக்கான தேசியப் போட்டி சுவிற்சர்லாந்தில் நடந்தது. அக்கா தங்கை இருவரும் முதலிரு இடங்களைப் பெற்றனர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சொந்தப் பெயரில், தங்கள் நாட்டின் சார்பில் கலந்துகொண்டனர். அந்த வீதிப் போட்டியின் தூரம் 158 கிலோமீற்றர். 1984இல் பெண்களுக்குப் போதும் என்று வைத்த தூரத்தின் இரண்டு மடங்கு!

புதுக்கோட்டையில் நடந்தது

போட்டியைப் பற்றிப் பேசினோம். போட்டிக்கு முன்னே ஓட்டம் வேண்டும். ஓட்டத்துக்கு முன்னே ஊரின் ஏச்சைத் தாண்ட வேண்டும். அதைத் தமிழ் பேசும் ஒரு மாவட்டமே செய்து காட்டியிருக்கிறது.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளை நடத்தியது. தொண்டர்களான பெண்கள் ஊர் ஊராகப் போக வேண்டும். பேருந்தோ எப்போதாவதுதான் வரும். ஆகவே எழுத்தோடு சைக்கிளும் கற்பிக்கலாம் என்று மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முடிவெடுத்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்கவும் ஏற்பாடு செய்தார். கல்லுடைக்கும் பெண்கள், வயற்கூலிகள், கிராமத் தாதியர், ஆசிரியைகள், முஸ்லிம் பெண்கள் என எல்லோரும் பழக வந்தார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் போனபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்பாரில் பிள்ளையை இருத்தலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

ஆரம்பத்தில் கேலியும் ஆபாசப் பேச்சும் கேட்கத்தான் செய்தன. ஆனால் 1992 சர்வதேச மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணியடித்து, புதுக்கோட்டை நகர வீதிகளை நிறைத்தார்கள். 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் தங்கள் ஓட்டத்தைக் காட்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். ஒருத்தி ஓடினால் ஏசலாம். ஊரே ஓடினால் யாரை ஏசுவது? தண்ணீர் எடுக்கவும், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், பிள்ளையைப் பாடசாலையில் விடவும் அந்தச் சைக்கிள் பயன்பட்டது. பேருந்துக்கும் கணவருக்கும் காத்திருந்த நேரம் மிச்சமானது.

2006இல் இந்தியாவின் பீகார் மாநிலம் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. பின்னர் நடந்த ஆய்வொன்று, உரிய வயதில் இடைநிலை வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளின் தொகை 32 சதவீதம் கூடியதாகவும், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததாகவும் கண்டது. பாடசாலை மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே பலன் அதிகம். வயல்களும் குளங்களும் ஊர்களைத் தூரதூரமாகப் பிரித்து வைத்திருக்கும் வன்னியில் இந்த மூன்று கிலோமீற்றரின் அருமை எல்லோருக்கும் தெரியும்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

வன்னி மக்களுக்குச் சைக்கிளின் பெறுமதியைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. யுத்தகாலத்தில் எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது வீடு, கடை, வைத்தியசாலை எல்லாமே சைக்கிளில்தான் நகர்ந்தன. 2022இல் நாடெங்கும் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது தென்னிலங்கையும் அதே பாடத்தைப் படித்தது. பஞ்சகாலத்தில் பெண் பிள்ளை ஓட்டலாம், வசதி வந்ததும் கூடாது என்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

பெற்றோரின் அச்சம் பொய்யல்ல. பெரிய வாகனங்கள் விரையும் வீதியில் பிள்ளையை அனுப்புவது லேசான காரியமல்ல. அந்த அச்சத்துக்கு மருந்து சைக்கிளைப் பறிப்பதல்ல, பாதுகாப்பைச் செய்துகொடுப்பது. நான்கைந்து பேர் சேர்ந்து போகட்டும். வாகனம் வரும் வீதியில் பக்கம் பக்கமாகப் போகாமல் ஒருவர் பின் ஒருவராகப் போகட்டும். பிரேக்கும் பின்விளக்கும் வேலை செய்கின்றனவா என்று வாப்பா வாரத்துக்கு ஒருமுறை பார்க்கட்டும். இருக்கையின் உயரம் சரியாக இருந்தால் மிதி கீழே வரும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும். முழங்கால் நோவு வராது. அபாயாவோ நீண்ட பாவாடையோ அணிபவர்களுக்குத் தாழ்ந்த சட்டம் உள்ள சைக்கிளும், முழுச் சங்கிலி மூடியும், பின்சக்கரத்துக்கு வலையும் இருந்தால் துணி சிக்காது. ஒழுக்கமும் ஓட்டமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பொருத்தமான வண்டியும் பொருத்தமான உடையும்தான் வேண்டும்.

நமது நாட்டிலும் விமானப்படை நடத்தும் வருடாந்தச் சைக்கிளோட்டத்தில் பெண்களுக்குத் தனிப் போட்டி உண்டு. ஏதேனும் ஒரு வருடம் வயல்வெளிக் காற்றில் பழகிய கால்களும் அங்கே ஓடக்கூடும். ஓடாவிட்டாலும் குறையில்லை. எல்லோரும் வீராங்கனையாக வேண்டியதில்லை. உயர்தர வகுப்புக்கும், தொழிற்பயிற்சிக்கும், நாளை வேலைக்கும் எவருடைய தயவையும் எதிர்பாராமல் போய்வர முடிந்தாலே பெரிய வெற்றிதான்.

‘மிஸ் அமெரிக்கா’ முதல் ஹாஷிமி சகோதரிகள் வரை முன்னே போனவர்கள் எல்லோரும் காற்றைத் தங்கள் மேல் வாங்கிக்கொண்டார்கள். பின்னால் வருகிற நமக்கு உழக்குவது அவ்வளவு பாரமில்லை. அடுத்த முறை வயல் வீதியில் எதிர்காற்று அடிக்கும்போது, பெரிய வகுப்புச் சகோதரிகளே, நீங்கள் கொஞ்சத் தூரம் முன்னே போங்கள். உங்கள் பின்சக்கரத்தைப் பார்த்தபடி ஒரு சின்னவள் வந்துகொண்டிருப்பாள்.